சீட்டை அமுக்கிப் பார்த்துச் சைக்கிள் வாங்காதீர்கள்

வாசகர் கேள்விகளுக்கு நெதர்லாந்தின் உட்ரெக்டிலிருந்து பதில்கள்

கேள்வி: அக்கா, கோவையிலிருந்து ஐந்தோவனுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. என் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். கடைசியாகச் சைக்கிள் ஓட்டியது பத்தாம் வகுப்பில். நான்கு வயது மகனைப் பள்ளியில் விட்டுவிட்டு நான்கு கிலோமீட்டர் தள்ளி ஆபீஸ் போக வேண்டும். இந்த ஊர்ப் பெண்கள் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிறார்களே, அந்தக் கறுப்பு சைக்கிள் மேல் ஆசை. கடையில் பார்த்தால் எல்லாம் எருமை மாதிரி நிற்கிறது. வீட்டுக்காரர் எலெக்ட்ரிக் வாங்கிவிடு என்கிறார். எதை வாங்கட்டும்? - ஐந்தோவன் வாசகி

பதில்: அந்த எருமைக்குப் பெயர் ஓமாஃபீட்ஸ். ஓமா என்றால் பாட்டி, ஃபீட்ஸ் என்றால் சைக்கிள். பாரோடு வருவது ஓப்பாஃபீட்ஸ், தாத்தா சைக்கிள். உங்களுக்குப் பாட்டி சைக்கிளே போதும், ஆனால் அளவு பார்த்து வாங்க வேண்டும். இந்த ஊரில் சராசரி ஆணே ஆறடி. கடைக்காரர் முன்வரிசையில் நிறுத்தியிருப்பது அவர்களுக்கானது.

இதில் நான் ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். 2013-ல் வந்த புதிதில், கடையில் கரும்பச்சை நிறத்தில் ஒரு பழைய சைக்கிள் நின்றது. சீட்டைக் கையால் அமுக்கிப் பார்த்தேன், இலவம்பஞ்சு மெத்தை மாதிரி இருந்தது. 140 யூரோ கொடுத்து ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். சைக்கிள் சட்டத்தின், அதாவது ஃப்ரேமின், அளவு 57 சென்டிமீட்டர். என் உயரம் 157 சென்டிமீட்டர். ஓடும்வரை எல்லாம் சரி. முதல் சிவப்பு விளக்கில் நின்றபோது கால் தரையைத் தேடியது, தரை கிடைக்கவில்லை. வெட்டிய வாழை மாதிரி மெதுவாக, முழு மரியாதையோடு, பக்கவாட்டில் சாய்ந்தேன். எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா தன் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு வந்து என்னைத் தூக்கினார். சைக்கிளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இது உன் புருஷனுடையதா?" என்று கேட்டார்.

ஆகவே முதலில் ஒரு டேப் எடுங்கள். செருப்பில்லாமல் சுவரோரம் நின்று, ஒரு தடித்த புத்தகத்தைத் தொடை இடுக்கில் மேலே முட்டும்படி வைத்து, தரையிலிருந்து புத்தகத்தின் மேல் விளிம்புவரை அளந்து கொள்ளுங்கள். அந்தச் சென்டிமீட்டரை 0.66-ஆல் பெருக்கினால் வருவதுதான் உங்கள் சட்டத்தின் அளவு. உங்கள் உயரத்துக்குப் புத்தகம் 70, 72-ல் நிற்கும். அப்படியானால் 46 அல்லது 47. கடையில் 46 என்றும் 49 என்றும் கேளுங்கள். "53-தான் இருக்கிறது, சீட்டை இறக்கித் தருகிறேன்" என்பார்கள். சீட்டை இறக்கலாம், சைக்கிளின் நீளத்தை எப்படிக் குறைப்பது? கையை எட்டி நீட்டி ஓட்டினால், எந்த நிமிர்வுக்கு ஆசைப்பட்டீர்களோ அதுவே போய்விடும். 46-ல் 28 அங்குலச் சக்கரம் பெரிதாகத் தெரிந்தால் 26 அங்குலத்தில் பாருங்கள். பிள்ளைகள் சைக்கிளாயிற்றே என்று வெட்கப்பட வேண்டாம். நான் பார்த்திருக்கிறேன், அளவான சின்ன சைக்கிளில் போகிறவள் கம்பீரமாகத்தான் இருக்கிறாள்.

இப்போது உட்கார்ந்து பாருங்கள். முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும். ஹேண்டில்பாரின் பிடி உங்களை நோக்கி வளைந்து வந்து, முழங்கை விலாப்பக்கம் லேசாக மடிந்து தொங்க வேண்டும். மணிக்கட்டில் பாரம் விழக் கூடாது. பெடல் கீழே இருக்கும்போது அதில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். ஓட்டும்போது முன்பாதத்தால்தான் மிதிப்போம் என்பதால் முழங்கால் தானாகவே கொஞ்சம் மடிந்துகொள்ளும். நின்றால் இரண்டு முன்பாதமும் தரையைத் தொட வேண்டும். பழக்கம் விட்டுப்போனதால் முதல் இரண்டு வாரம் சீட்டை இன்னும் ஓர் அங்குலம் இறக்கியே வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் ஏற்றலாம்.

சீட்டுக்கு வருகிறேன். நிமிர்ந்து உட்காரும்போது உடம்பின் பாரம் அத்தனையும் பின்பக்கத்து இரண்டு எலும்புகளில் இறங்குகிறது. அந்த எலும்புகளைத் தாங்கும் அகலமும் அடியில் இரண்டு ஸ்பிரிங்கும் இருந்தால் போதும். கடையில் அமுக்கும்போது குழைகிற ஜெல் சீட் பத்து நிமிடத்துக்குத்தான் சுகம். அரை மணி நேரம் போனால் எலும்பு அதற்குள் புதைந்து, சுற்றியிருக்கும் சதையெல்லாம் நசுங்கி, இறங்கும்போது நடை கோணலாகும். கையை நம்பாதீர்கள், கைக்கு என்ன தெரியும்? ஓட்டிப் பாருங்கள். தெருமுனைவரை போய் வந்தால் போதாது, கால் மணி நேரமாவது ஓட்ட வேண்டும். நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார், அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்புவார்.

கியர் மூன்று போதும். பின்சக்கரத்தின் நடுவிலிருக்கும் ஹப்புக்குள்ளேயே பற்சக்கரங்கள் அடங்கியிருக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். மழை, சேறு எதுவும் உள்ளே போகாது. சிக்னலில் நின்றபடியே கியர் மாற்றலாம் என்பது இன்னொரு வசதி. மலையே இல்லாத நாட்டில் கியர் எதற்கு என்று கேட்காதீர்கள், நவம்பரில் எதிர்க்காற்று வரும்போது தெரியும். ஜீலாந்து மாகாணத்தில் கடலைத் தடுக்கும் ஊஸ்டர்ஸ்கெல்டே அணைமேல் எதிர்க்காற்றில் சைக்கிள் ஓட்டும் போட்டியே வைத்திருக்கிறார்கள், 2013 முதல். எட்டரை கிலோமீட்டர், கியர் இல்லாத சாதாரண சைக்கிள், காற்று போதாவிட்டால் போட்டி கிடையாது. பிள்ளையைப் பின்னால் வைத்து ஓட்டுவதால் மனசு கேட்காவிட்டால் ஏழு கியர் வாங்குங்கள், தவறில்லை.

பிள்ளை விஷயத்தில் கேரியரில் சும்மா உட்காரவைக்கும் நம் ஊர்ப் பழக்கம் இங்கே ஆகாது. எட்டு வயதுக்குக் கீழே என்றால் முதுகு, கை, கால் தாங்கும் சீட் வேண்டும் என்பது சட்டம். பின்சீட் பெரும்பாலும் 22 கிலோவரை தாங்கும். ஆனால் கேரியர் தாங்குமா என்று பாருங்கள், எத்தனை கிலோ என்று கேரியரிலேயே பொறித்திருக்கும். ஸ்டாண்டு இரட்டைக்கால் ஸ்டாண்டாக இருக்கட்டும். ஒற்றைக்கால் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுப் பிள்ளையை ஏற்றுவது ஒற்றைக் காலில் நின்று சேலை கட்டுகிற மாதிரி.

எலெக்ட்ரிக் வேண்டாம் என்பேன். நான்கு கிலோமீட்டருக்கு எதற்கு? சாதாரண ஓமாஃபீட்ஸே இருபது கிலோ. பேட்டரியும் மோட்டாரும் சேர்ந்த வண்டி அதற்கும் மேலே. திருடனுக்கும் அதுதான் பிடிக்கும். ஆபீஸ் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மாறினால் வீட்டுக்காரர் சொல்வதைக் கேளுங்கள்.

புதிதா, பழையதா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் பழையது. கஸெல் 1892-லும் பட்டாவஸ் 1904-லும் இந்த நாட்டில் தொடங்கிய சைக்கிள் கம்பெனிகள். இருபது வருடத்துப் பழைய சைக்கிளுக்கும் உதிரி பாகம் கிடைக்கும். தனி ஆளிடம் வாங்குவதைவிட, ஓவராயில் பண்ணி மூன்று மாத உத்தரவாதம் தரும் தெருமுனைக் கடையில் வாங்குங்கள். நான் பார்த்தவரையில் 150 முதல் 300 யூரோவுக்குள் முடியும். பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, பிரேக்கையோ சட்டத்தையோ ஓர் அடையாளமாக வைத்து ரிம்மைக் கவனியுங்கள். ரிம் இடமும் வலமும் ஆடினால் கோட்டம். லேசான கோட்டத்தை எடுத்துவிடலாம், ஸ்போக்ஸ் கம்பி துருவேறியிருந்தால் வேண்டாம். பெடல் கட்டையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், டொக் டொக் என்றால் உள்ளே பேரிங் போயிருக்கிறது. செயின் முழுக்க மூடிய பெட்டிக்குள் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. பெட்டியின் மேல் காதை வைத்துக்கொண்டு பெடலைச் சுற்றச் சொல்லுங்கள். செயின் தளர்ந்திருந்தால் பெட்டியில் உரசும் சத்தம் கேட்கும்.

கேள்வி: ஹேண்டில்பாரில் பிரேக் பிடியே இல்லாத சைக்கிளைக் காட்டுகிறார்கள். பின்னால் மிதித்தால் நிற்குமாம். பயமாக இருக்கிறதே? - அமர்ஸ்ஃபோர்ட் வாசகர்

பதில்: பயப்படுவது பிரேக்குக்கு அல்ல, உங்கள் காலின் பழக்கத்துக்கு. நம் ஊர் சைக்கிளில் பெடலைப் பின்னால் சுற்றினால் கிர்ர்ர் என்று ஃப்ரீவீல் ஓடும். சிக்னலில் நிற்கும்போது நாமெல்லாம் பெடலைப் பின்னால் சுழற்றி, வலது கால் மேலே வருமாறு வைத்துக்கொள்வோம், புறப்படும்போது ஓங்கி மிதிக்க. இங்கே அது நடக்காது. பின்னால் அமுக்கினால் பூட்டிக்கொள்ளும். பெடல் எந்த இடத்தில் நின்றதோ அங்கேயே நிற்கும். அது அடியில் நின்றுவிட்டால், பச்சை விழுந்த பிறகு நாம் மாத்திரம் தரையை உந்திக்கொண்டிருப்போம், பின்னாலிருப்பவர்கள் மணியடிப்பார்கள்.

வழி இருக்கிறது. நிற்பதற்கு முந்தைய கடைசி அரைச் சுற்றிலேயே வலது பெடலை மேலே, கொஞ்சம் முன்னே, கடிகாரத்தில் இரண்டு மணி நிற்கும் இடத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து பின்னால் அமுக்கி நில்லுங்கள். மறந்துவிட்டால் சீட்டைப் பிடித்துப் பின்சக்கரத்தைக் கொஞ்சம் தூக்கி, பெடலைக் காலால் முன்பக்கமாகச் சுற்றி மேலே கொண்டுவாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காலியான பார்க்கிங் திடலில் ஐம்பது தடவை நின்று கிளம்புங்கள், கால் கற்றுக்கொள்ளும். பின்மிதி பிரேக்கில் கம்பி இல்லை, கட்டை இல்லை, மழையில் வழுக்குவதில்லை, வருடக்கணக்கில் தொட வேண்டியதில்லை. ஒரே குறை, செயின் கழன்றால் பிரேக்கும் போச்சு. அதனால் முன்சக்கரத்துக்குக் கைப்பிரேக் ஒன்றும் இருக்கும் வண்டியாக வாங்குங்கள்.

கேள்வி: ஸ்டேஷன் வாசலில் ஒருவர் நல்ல சைக்கிளை 40 யூரோவுக்குத் தருகிறேன் என்றார். வாங்கியிருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது. - மாணவர், டெல்ஃப்ட்

பதில்: தம்பி, அது திருட்டு சைக்கிள். திருட்டுப் பொருள் என்று சந்தேகப்பட்டிருக்க வேண்டிய நிலையில் வாங்குவதும் இங்கே குற்றம், ஹேலிங் என்பார்கள். "எனக்குத் தெரியாது சார்" செல்லாது, 40 யூரோ விலையே உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். படிக்க வந்த இடத்தில் இது தேவையா?

யாரிடம் வாங்கினாலும் சட்டத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள், சீட்டுக்குக் கீழே அல்லது பெடல் அச்சு அருகில் இருக்கும். அதைச் சுரண்டியிருந்தால் திரும்பி நடந்துவிடுங்கள். எண் இருந்தால், வாகனப் பதிவுத் துறையான ஆர்டிடபிள்யூ வைத்திருக்கும் திருட்டு சைக்கிள் பதிவேட்டில் ஆன்லைனிலேயே சரிபார்க்கலாம். பூட்டுக்கு இரண்டு சாவி தருகிறாரா என்று பாருங்கள். அப்புறம், வாங்கிய சைக்கிளுக்குப் பின்சக்கரத்து வளையப் பூட்டு மட்டும் போதாது, அதில் சொருகும் சங்கிலி ஒன்று வாங்கி அசையாத கம்பியோடு சேர்த்துப் பூட்டுங்கள். பூட்டுகளைச் சோதித்துத் தரும் ஏஆர்டி தர முத்திரையில் இரண்டு நட்சத்திரம் உள்ள பூட்டு என்றால் இன்சூரன்ஸ்காரரும் பேசாமல் ஒத்துக்கொள்வார்.

காணாமல் போனால் உடனே அழ வேண்டாம். தப்பான இடத்தில் நிறுத்தியதற்காக நகராட்சி தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். முதலில் அவர்கள் டெப்போவில் தேடுங்கள். ஆம்ஸ்டர்டாமில் தொலைந்திருந்தால் இன்னோர் இடமும் உண்டு. அங்கே கால்வாய்களிலிருந்து வருடத்துக்கு 12,000 முதல் 15,000 சைக்கிள்வரை அள்ளுகிறார்கள்.

கேள்வி: சேலை கட்டிக்கொண்டு ஓட்ட முடியுமா? நவராத்திரிக்கு யார் வீட்டுக்காவது போக வேண்டியிருக்கிறது. - அல்மேர் வாசகி

பதில்: பாட்டி சைக்கிளில் தாராளமாக ஓட்டலாம். அது நீளப் பாவாடைக்காகவே பிறந்தது. பார் கிடையாது, செயின் பெட்டிக்குள், பின்சக்கரத்தின் மேல்பாதியை இரண்டு பக்கமும் மூடித் துணிபோன்ற மறைப்பு. கோட்டு சிக்காமலிருக்க வைத்தார்கள், முந்தானைக்கும் உதவுகிறது. மறைப்பு கிழிந்திருந்தால் மட்டும் முதலில் மாற்றிவிடுங்கள், விலை அதிகமில்லை. முந்தானையை இழுத்துச் செருகி ஒரு ஊக்கு. கொசுவத்தை வழக்கத்தைவிட ஓரங்குலம் உயர்த்திக் கட்டுங்கள். பட்டு வழுக்கும், காட்டன் உத்தமம். சுண்டல் டப்பாவைக் கேரியரில் இருக்கும் மூன்று பட்டை ரப்பர் வாருக்குக் கீழே வைத்தால் அசையாது. இது நானே பார்த்தது, மூடி மட்டும் இறுக்கமாக இருக்க வேண்டும்.

என் அம்மா புதுக்கோட்டைக்காரர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் அப்போது ஏறினார்கள், அம்மாவும் ஒருவர். பார் வைத்த வாடகை சைக்கிளில், சேலையோடு, காலைத் தூக்கிப் போட்டுத்தான் பழகினார். மூன்று வருடம் முன்பு இங்கே வந்தபோது என் சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "என்னடி இது, நம்ம ஊரு சைக்கிள்ல பாரைப் பிடுங்கிட்டு வித்த மாதிரி இருக்கு. அன்னைக்கே இதைக் குடுத்திருந்தா முட்டியில இத்தனை தழும்பு இருந்திருக்காதே" என்றார். பத்து நிமிடத்தில் பூங்காவைச் சுற்றி வந்துவிட்டார். நிற்கத்தான் தெரியவில்லை, கை, இல்லாத பிரேக்கைத் தேடிக்கொண்டிருந்தது. புல்தரையில் இறக்கினோம்.

கேள்வி: அம்மா, எனக்கு 67 வயது. தி ஹேகில் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். முழங்கால் வலிக்காமல் ஓட்ட முடிகிற சைக்கிளை இப்போதுதான் பார்க்கிறேன். ஊருக்குப் போகும்போது ஒன்றை எடுத்துப் போகலாமா? - தஞ்சாவூர் வாசகர்

பதில்: ஆசை நியாயமானது ஐயா, ஆனால் வேண்டாம். இருபது கிலோ சைக்கிளைப் பெட்டியில் கட்டினால் உங்கள் வேட்டி, சட்டைக்கு இடமிருக்காது. ஹப் கியர் மக்கர் பண்ணினால் கீழவீதியில் யார் பிரிப்பார்?

முந்தைய பதிலில் என் அம்மா சொன்னது விளையாட்டுப் பேச்சு அல்ல. டச்சுக்காரர் சைக்கிளும் நம் கறுப்பு சைக்கிளும் இங்கிலாந்தின் பழைய ரோட்ஸ்டருக்குப் பிறந்த ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகள். 1949-ல் அம்பத்தூரில் டிஐ சைக்கிள் ஆலை வந்து ஹெர்குலிஸ் செய்தது ஆங்கிலேயக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்துதான். பழைய ஓமாஃபீட்ஸின் 28க்கு ஒன்றரை அங்குல டயரும் நம் ஊர் டயரும் ஒரே அளவு, ரிம் 635 மில்லிமீட்டர். டியூபைப் பார்த்தீர்களா? அதே டன்லப் வால்வு. நாம் எச்சில் தொட்டுச் செருகிய அந்த ரப்பர் வால்டியூபுக்குப் பதிலாக இங்கே சின்ன உலோகக் குச்சி, அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்கள் முழங்காலுக்குச் சுகம் தந்தது சீட்டின் உயரமும் ஹேண்டில்பாரின் வளைவும். நம் ஊரில் பெரும்பாலும் சீட்டைத் தாழ்த்தியே ஓட்டுவோம், முழங்கால் மடிந்தபடியே பாரம் தள்ளும், வலி அங்கிருந்துதான். ஊருக்குப் போனதும் பார் இல்லாத லேடீஸ் சைக்கிள் ஒன்று வாங்கி, சீட்டை நான் மேலே சொன்ன குதிகால் கணக்கில் ஏற்றி, ஹேண்டில்பாரையும் அது உயரும்வரை உயர்த்தச் சொல்லுங்கள். லேடீஸ் சைக்கிளா என்று சிரிப்பவர்களிடம், இங்கே பெரியவர்கள் எத்தனை பேர் அதில் போகிறார்கள் என்று மகன் எடுத்த போட்டோவைக் காட்டுங்கள். இங்கிருந்து ஏதாவது எடுத்துப் போகத்தான் வேண்டும் என்றால், ஸ்பிரிங் வைத்த அகலச் சீட் ஒன்றும், டிங்-டாங் என்று இரண்டு சுரத்தில் அடிக்கும் பெரிய மணி ஒன்றும்.

கேள்வி: ஊருக்கெல்லாம் சொல்கிறீர்களே, நீங்கள் ஓட்டுவது எது? - மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்

பதில்: கறுப்பு, 49 அளவு, மூன்று கியர், பின்மிதி பிரேக். 2016-ல் பழையதாக வாங்கியது, 180 யூரோ. இரண்டு டயர், ஒரு செயின் மாற்றியிருக்கிறேன். முன்மட்கார்டில் ஒரு நெளிவு, அது எப்படி வந்தது என்று வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

ஒருமுறை தொலைத்தேன். திருடு போகவில்லை, நானே தொலைத்தேன். உட்ரெக்ட் ஸ்டேஷன் அடியில் 2019-ல் கட்டி முடித்த நிறுத்தத்தில் 12,500 சைக்கிள் நிற்கும், உலகத்திலேயே பெரியது. அவசரத்தில் எந்த வரிசை என்று பார்க்காமல் ரயிலைப் பிடிக்க ஓடிவிட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தால் எங்கு திரும்பினாலும் கறுப்புப் பாட்டி சைக்கிள், அடுக்குக்கு மேல் அடுக்கு. முக்கால் மணி நேரம் நடந்தேன். கடைசியில், இரண்டாவது தளத்தில், மேல் அடுக்கில், பொன்னமராவதி ஜவுளிக்கடைப் பெயர் போட்ட ரோஜா நிறப் பிளாஸ்டிக் பை ஒன்று தெரிந்தது. மழையில் சீட் நனையாமலிருக்க அம்மா கட்டிவிட்டுப் போனது.